கேஸ் மாத்திரையோடு கால்சியமா?

தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், கையோடு ஒரு கால்சியம். ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும். பரவலாக விற்கும் கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். அதனால்தான் சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள். கேஸ் மாத்திரை குறைப்பதோ அந்த அமிலத்தைத்தான். இரும்புச்சத்துக்கும் இதே கதை. வருடக்கணக்கில் போட்டால் மெக்னீசியமும் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது.

பான்டோபிரசோல் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து. ஆனால், 'ஒரு ஸ்ட்ரிப் குடுங்க' என்றாலே பல கடைகளில் கிடைத்துவிடுகிறது. 'வேற என்ன மாத்திரை போடுறீங்க?' என்று கேட்க பத்து வினாடி ஆகுமா?

கேஸ் மாத்திரையை விட முடியாதவர்கள், அமிலத்தை நம்பியிராத கால்சியம் சிட்ரேட் சரிவருமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இரும்பு மாத்திரையும் போடுபவர்கள், அதற்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடணும்.