அணியம் வடக்கே பார்த்த வள்ளம்

பீரோவின் அடித்தட்டில் எட்டு ஸ்லைடு பெட்டிகள். எல்லாம் புன்னக்காயலிலும் பக்கத்து உப்பளங்களிலும் நான் எடுத்தவை. முப்பது வருடத்துக்கு மேலாயிற்று. போன மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சிலவற்றில் பூஞ்சை, ஆலம் விழுது மாதிரி வானத்திலிருந்து இறங்கியிருந்தது. சிலவற்றில் நீலம் வெளிறி, கடலே ரோஸ் நிறம்.

ஸ்லைடில் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் இருந்த ஃபிலிமேதான் கழுவி, இரண்டு அங்குலச் சட்டத்துக்குள் பொருத்தப்பட்டு நம் கைக்கு வரும். ஆற்றுத் தண்ணீரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் எந்தத் துண்டில் விழுந்ததோ, அந்தத் துண்டு. கெட்டால் இன்னொன்று போட முடியாது. பிரிண்ட் போடும்போது சரிக்கட்டலாம் என்பதற்கும் இடமில்லை. வெளிச்சக் கணக்கு அரை ஸ்டாப் பிசகினால் உப்பு அம்பாரம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். உச்சி வெயிலில் அளத்துக்குள் நின்று அப்படி ஒரு ரோல் முழுவதையும் பறிகொடுத்திருக்கிறேன்.

கோடாக் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த கோடகுரோம் ஸ்லைடு ஃபிலிமை 2009-இல் நிறுத்தியது. கடைசி ரோலைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். 36 படங்கள், அவற்றில் சிலவற்றை எடுக்க அவர் ராஜஸ்தான் வந்தார். அந்த ஃபிலிமைக் கழுவ கான்சாஸில் ஒரே ஒரு லேப்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் 2010 முடிவில் கைவிட்டது. கோடகுரோமை இருட்டில் வைத்தால் நிறம் நிற்கும். நான் போட்டது மெட்ராஸில் கழுவக்கூடிய வேறு வகை.

தப்பிய ஸ்லைடுகளில் ஒன்று என்னை விடவில்லை. தாமிரபரணி கடலில் சேரும் இடம். செம்மண் தண்ணீரும் நீலத் தண்ணீரும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கின்றன. இடது ஓரத்தில் நீளமான மணல் திட்டு. தூரத்தில் நங்கூரம் போட்ட ஒரு வள்ளம். சட்டத்தில் என் கையெழுத்து: ‘மே 1992’. எங்கே நின்று எடுத்தேன் என்பது நினைவில் இல்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து புன்னக்காயலுக்கு பஸ் ஏறினேன்.

கரையில் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நீட்டினேன். எழுபதைத் தாண்டியிருப்பார். வாங்கி, சூரியனுக்குப் பக்கவாட்டில் உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மே மாசம்னு எழுதியிருக்கீங்க. இது கார்த்திகையில்லா தம்பி.”

“எப்படிச் சொல்லுதீங்க அண்ணாச்சி?”

“மே மாசம் இங்க ஆத்துத் தண்ணி ஏது? ஸ்ரீவைகுண்டத்தோட நின்னு போகும். இவ்வளவு செவப்பு அடமழையிலதான் வரும். வள்ளத்தப் பாருங்க, அணியம் வடக்க பாத்து நிக்கி. வாடக்காத்து.”

அவர் சொன்னது சரி. நங்கூரம் போட்ட வள்ளத்தின் அணியம், அதன் முன்முனை, காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். இந்த ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி. கோடையில் அதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வருவதில்லை. முகத்துவாரத்தில் கோடைக்கு இருப்பது கடல் தண்ணீர்தான். ஆயிரம் தடவை பார்த்த படத்தில் இது எனக்குப் படவில்லை. நிறத்தைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். வள்ளத்தை, படத்தின் அளவு தெரிய ஒரு புள்ளி வேண்டும் என்றுதான் உள்ளே வைத்திருந்தேன்.

அடுத்துத் திட்டுக்கு வந்தார். “தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல இது கரைஞ்சு போச்சு. அதுக்கு முந்தி எடுத்தது.” 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்ட அந்த வெள்ளம். அப்படியானால் இது 1991 கார்த்திகை. ரோலைக் கழுவக் கொடுத்த மாதத்தை, எடுத்த மாதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

கரை இங்கே ஓரிடத்தில் இருந்ததே இல்லை. ஆறு வண்டல் தள்ளத் தள்ள, கொற்கைத் துறைமுகம் தூர்ந்து பழையகாயலுக்கு வந்தது, அங்கிருந்து புன்னக்காயலுக்கு. கொற்கையில் இன்று நெல் விளைகிறது. அந்த 1992 வெள்ளத்துக்குப் பிறகும் 2004 டிசம்பரில் சுனாமி; 2023 டிசம்பரில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழையும் அதோடு வந்த வெள்ளமும். இத்தனைக்கும் நடுவே ஒரு மணல் திட்டு இருந்ததற்கு என்னிடம் இருக்கும் சாட்சி இந்த இரண்டு அங்குலம். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது. முப்பது வருடம் இதைப் பீரோவில் பூட்டி வைத்தது எனக்குப் பெரிய வருத்தம்.

“நான் எங்க நின்னேன் அண்ணாச்சி?”

வலை ஊசியால் காட்டினார். தண்ணீருக்குள். இப்போது படகுகள் உள்ளே வரும் வழி அது.

பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். பன்னிரண்டோ பதின்மூன்றோ பார்த்திருப்பார். வெயில் தாழ்ந்து, பிடித்துப் பார்த்தால் வெறும் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது.

“மிச்சத்தயும் கொண்டாங்க,” என்றார். “காலைல வெயில் ஏறின பெறவு வாங்க.”