நூல் நிலையத்தில் ஒரு துப்பறியும் விளையாட்டு

துப்பறியும் கதை என்றால் ஊணையும் உறக்கத்தையும் மறந்து படிப்போர் நம்மிடையே பலர். அந்த நண்பர்களையே நூல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று தேடிப் பார்க்கச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்பதைப் பள்ளியில் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தடயம் தேடுவது, சாட்சிகளை விசாரிப்பது, ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லோடு ஒத்துப் பார்ப்பது, அதன் பிறகே முடிவு கூறுவது: துப்பறிவோன் செய்வதும் இதுவே, விஞ்ஞானி செய்வதும் இதுவே.

ஆதலால், நூல்களைத் தேடி ஆராயும் முறையைப் பள்ளிச் சிறுவர்க்குத் துப்பறியும் விளையாட்டின் வாயிலாகக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அவ்விளையாட்டு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில் நான் சிலரோடு மாறுபடுகிறேன்.

இன்று இப்பெயரால் சில இடங்களில் நடப்பது புதையல் வேட்டை. ஆசிரியர் புத்தகங்களுக்கு இடையே துண்டுச் சீட்டுகளை ஒளித்து வைக்கிறார். ஒரு சீட்டு அடுத்த அலமாரிக்கு வழி காட்டும். முதலில் ஓடி முடிப்பவருக்குப் பரிசு. சிறுவர்க்கு இதில் மகிழ்ச்சி உண்டு, மறுக்கவில்லை. எந்த அலமாரி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சீட்டைச் செங்கல்லுக்கு அடியில் வைத்திருந்தாலும் அந்த விளையாட்டு நடந்திருக்கும்! நூலே சாட்சியாக வேண்டும். சாட்சிகள் தமக்குள் முரண்படவும் வேண்டும். அப்போதுதான் துப்பறிவோனுக்கு வேலை உண்டு.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர் யார்? 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குண்டூரிலிருந்து அதை ஆராய்ந்தார் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென். சென்னை வானாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பாக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து ஆராய்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர், கிரகணம் இல்லாமலே கதிரவனின் விளிம்பொளியைப் பகுத்துப் பார்த்தார். அதில் தோன்றிய மஞ்சள் கோடு சோடியத்துக்கு உரியதன்று, பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்கு உரியது என்ற கருத்துப் பிறந்தது. 1895இல் லண்டனில் ராம்சே, யுரேனியம் கலந்த கனிமம் ஒன்றிலிருந்து அவ்வாயுவையே வெளிப்படுத்தினார். நால்வரில் மாலை யாருக்கு? ஒரு நூல் ஒருவர் கழுத்தில் போடும்; மற்றொன்று வேறொருவர் கழுத்தில் போடும்.

இவ்வழக்கைத் துலக்கப் புகும் சிறுவன் எவ்வளவு கற்றுக்கொள்கிறான் பாருங்கள். டூயி முறையில் அடுக்கிய நூல் நிலையத்தில் கதிரவனுக்கு எண் 523.7, தனிமங்களைப் பற்றிய வேதியியலுக்கு எண் 546. ஒரு பொருளின் வரலாறு ஒரே அலமாரியில் அடங்காது என்பது முதற் பாடம். நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் புரட்டினால் முந்நூறு பக்கத்தையும் படிக்க வேண்டுவதில்லை என்பது இரண்டாம் பாடம். முகப்புத் தாளின் பின்புறத்தில் உள்ள ஆண்டைப் பார்க்க வேண்டும் என்பது மூன்றாம் பாடம். 1890இல் அச்சான நூலுக்கு ராம்சேயைப் பற்றி எப்படித் தெரியும்? அது பொய்ச் சாட்சி அன்று. முன்னரே பேசி முடித்துவிட்ட சாட்சி.

சென்ற விடுமுறையில் இந்நகரத் தமிழ்ச் சிறுவர் பன்னிருவரோடு இதை ஆடிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் அவர்கள் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறவில்லை. ‘முதலில் பார்த்தவரா, இன்னதென்று அறிந்தவரா, கையில் பிடித்தவரா, யாரைக் கண்டுபிடித்தவர் என்பது?’ என்று தமக்குள் வாதிட்டார்கள். எம்.எஸ்ஸி. வகுப்பிலும் நான் கேட்டிராத வாதம் அது!

‘கைப்பேசியைக் கேட்டால் நொடியில் விடை வருமே, இந்தப் பாடு எதற்கு?’ என்பர் சிலர். விடை வரும், அதைச் சொன்ன சாட்சி யார் என்பது பெரும்பாலும் தெரியாது. சாட்சியை நிறுத்திக் கேள்வி கேட்கப் பழகாத பிள்ளை, அழகாகச் சொல்லப்பட்ட எதையும் நம்பிவிடும். பழகிய பிள்ளையோ கைப்பேசியையும் கூண்டில் ஏற்றி விசாரிக்கும்.

நூல் நிலையக் கலையின் தந்தை எனப்படும் ரங்கநாதன் சீர்காழியில் 1892இல் பிறந்த தமிழர். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக் கழக நூல் நிலையத்தின் தலைவரானார். பின்னர் நம்மைப் போலவே வடக்கே வந்து, 1945 முதல் காசியிலும் 1947 முதல் தில்லியிலும் பணியாற்றினார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே என்பது. நான் படித்த பள்ளியிலோ நூல் அலமாரிக்குப் பூட்டு இருந்தது. சாவி எங்கே என்று கேட்டவர்க்கு வசவு இருந்தது. நூலகப் பாடவேளையைக் கணக்கு வகுப்பு விழுங்கியது. பூட்டிய அலமாரியின் முன் எந்தத் துப்பறிவோன் என்ன செய்வான்?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, இந்நகரத் தமிழ்ச் சிறுவரை நூல் நிலையத்துக்கு அழைத்து வருவோம். நம்மில் ஒவ்வொருவரும் தத்தம் துறையிலிருந்து ஒரு வழக்கைத் தொடுப்போம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும் மேசைமேல் வைப்போம். விதிகள் மூன்று போதும்: சீட்டு ஒளிக்கலாகாது, நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் சொல்லாத விடை செல்லாது, இரு சாட்சிகள் இன்றித் தீர்ப்பு இல்லை.

விரைவுக்குப் பரிசு வேண்டா. முதல் வழக்கு என்னுடையது. அடுத்ததைத் தருபவர் யார்?