கூடாத மன்றம்



கோட்டக்குப்பத்துக் கடற்கரையில் நின்று இருபுறமும் நோக்குங்கள். தெற்கே நடந்தால் புதுவை. வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். எல்லைக்கோடு அலைக்குத் தெரியாது, புயலுக்கும் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையேறியபோது, இருபக்கத்து மக்களையும் ஒரே வெள்ளம் சூழ்ந்தது; துயர் துடைப்புக்கு மட்டும் இரு அரசுகள், இரு கணக்குகள்!

உப்பின் கதையோ இன்னும் விந்தை. கால் வெடிக்கப் பாத்தியில் நிற்பவன் மரக்காணத்துத் தொழிலாளி. உப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரமோ அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில், 58ஆம் இனமாக இருக்கிறது. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பதோ, கடற்காற்றே வீசாத ஜெய்ப்பூரில்!

இத்தகைய குறைகளை மாநிலங்கள் எங்கே சொல்வது? இடம் இல்லாமல் இல்லை. 1950இலேயே அரசியல் சட்டத்தின் 263ஆம் பிரிவு, மாநிலங்களுக்கிடையிலான மன்றத்துக்கு வழி வகுத்தது. வழி இருந்தது, நடக்கத்தான் நாற்பதாண்டு ஆயிற்று! 1969இல் கலைஞர் அரசு அமைத்த இராசமன்னார் குழு கேட்டது; 1983இல் அமைந்த சர்க்காரியா ஆணையமும் பரிந்துரைத்தது. பின்னரே 1990 மே மாதம், வி.பி.சிங் ஆட்சியில், மன்றம் பிறந்தது. பிரதமர் தலைவர், முதலமைச்சர்கள் உறுப்பினர்கள், சட்டமன்றம் உள்ள புதுவையின் முதலமைச்சருக்கும் இடமுண்டு. ஆண்டுக்கு மும்முறையேனும் கூட வேண்டும் என்பது ஆணை.

கூடியதா? 2016 ஜூலை 16 வரையிலான 26 ஆண்டுகளில் கூடியிருக்க வேண்டியது ஏறத்தாழ 78 முறை. கூடியது 11 முறை! அதன்பின் எட்டாண்டுக்கு மேல் மன்றத்தின் கதவே திறக்கவில்லை. 2022இல் உறுப்பினர் பட்டியலைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆணைப்படி மன்றத்தைக் கூட்டுக என்று அவ்வாண்டே அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மடல் எழுதினார். நடிகர் பட்டியல் ஒட்டியாயிற்று. திரை மட்டும் உயரவில்லை!

"சரக்கு, சேவை வரி மன்றம் கூடவில்லையா?" என்பர். கூடுகிறது. அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. முடிவுக்கு வேண்டியதோ நான்கில் மூன்று பங்கு. மாநிலங்கள் அனைத்தும் ஒன்றாகக் கை தூக்கினாலும், தில்லி தலையசைக்காமல் தீர்மானம் இல்லை. அதன் பெயர் கலந்துரையாடலா?

பழியை ஒரு கட்சியின் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையன்று. 2006 டிசம்பருக்குப் பின்னும் பத்தாண்டு மன்றம் உறங்கிற்று. அதில் பெரும்பகுதிக் காலம், தில்லி அமைச்சரவையில் மாநிலக் கட்சிகளும் வீற்றிருந்தன. நாற்காலி கிடைத்ததும் நா எழவில்லையே, ஏன்? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

மன்றத்தின் சொல் பரிந்துரைதான், கட்டளையன்று. ஆயினும், குறையைக் காதுகொடுத்துக் கேட்பதே பாதி நீதி. கேட்க ஓர் அவை இல்லாதபோது குறை மடலாகிறது; மடல் வழக்காகிறது; மக்கள் தேர்ந்தெடுத்த அரசு நீதிமன்ற வாயிலில் காத்து நிற்கிறது. உறவு வளரவா இது வழி?

சலுகை கேட்கவில்லை நாம். ஆணையில் எழுதியதை நடத்துங்கள் என்கிறோம். ஆண்டின் தொடக்கத்திலேயே மூன்று நாட்களைக் குறித்து நாட்டுக்கு அறிவியுங்கள் என்கிறோம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் வீட்டுப் பெரியோர். உப்பு விளையும் கரையிலிருந்து சொல்கிறோம்: கூடாத மன்றமும் அத்தகையதே!