கிரெடிட் கார்டின் ‘இலவச’ டிராவல் இன்சூரன்ஸ்: நம்பி விமானம் ஏறலாமா?

“கார்டுலயே 1 கோடி ரூபாய் இன்சூரன்ஸ் இருக்கே, தனியா எதுக்கு?” அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அந்த 1 கோடி எதற்கு என்று பார்ப்பவர்கள் குறைவு.

நம்மூர் கார்டு விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் தொகை பெரும்பாலும் விமான விபத்துக்கானது. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும். வெளிநாட்டில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

மருத்துவச் செலவுக்கும் கவரேஜ் தரும் கார்டுகள் உண்டு. அங்கேயும் நிபந்தனைகள் இருக்கும். டிக்கெட்டை அதே கார்டில் எடுத்திருக்க வேண்டும் என்பார்கள். கவரேஜ் கார்டுதாரருக்கு மட்டும் என்றால், மகன் தன் கார்டில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாலும் அம்மாவுக்குப் பயனில்லை. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் பிரச்சினைகளுக்கு விலக்கும் இருக்கலாம்.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா கேட்பவர்கள், குறைந்தது 30,000 யூரோ மருத்துவ கவரேஜ் இருப்பதைக் காட்ட வேண்டும். விபத்து கவரேஜ் எத்தனை கோடி இருந்தாலும் அந்த இடத்தில் செல்லாது.

அதனால் டிக்கெட் போடும் முன்பே வங்கியிடம் பாலிசி விவரத்தை எழுத்தில் கேளுங்கள். யாருக்கு, எத்தனை நாளுக்கு, எந்தச் சிகிச்சைக்கு? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், தனி பாலிசி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கார்டில் வருவது கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.