பாத்தியும் பிள்ளையும்

விளைந்ததை விற்பது வருவாய்க்கு வழி. விளைந்ததை மக்களோடு கூடியிருந்து உண்பது இல்லறத்தின் இன்பம். சந்தை, விலை, கடன் ஆகியவற்றைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். வீட்டுத் தோட்டத்தின் விளைவை வீட்டார் நுகர்வதைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும் நம் பிள்ளைகளின் வளர்ப்பு அதனோடு பிணைந்து கிடக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு, தினை முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்து வந்தனர். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகள் உண்டு. நல்ல கதிரைத் தேர்ந்து மறு விதைப்புக்கு வைப்பது பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. தாயின் அருகே நின்ற சிறுமி அதனைக் கண்டும் தொட்டும் கற்றாள்.

பின்னர், சமவெளியிலுள்ள சவ்வரிசி ஆலைகளின் தேவையால் மலையில் மரவள்ளி பெருகிற்று. கையில் பணம் புரண்டது, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் சிறுதானிய நிலம் சுருங்கச் சுருங்க, விதையறிந்த கைகளும் குறைந்தன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே பணி தொடங்கி, ஊர்மக்களைக் கொண்டே விதை வங்கிகள் அமைக்க உதவியது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இவை பாராட்டத்தக்கன. எனினும், வங்கியில் விதை இருந்தால் மட்டும் போதாது. அதனை எப்போது விதைப்பது, எவ்வாறு தேர்வது, எப்படிச் சமைப்பது என்னும் அறிவு அடுத்த தலைமுறையின் கைக்கு வந்தாலன்றி அவ்விதை நிலைக்காது.

தோட்டம் பெற்றோருக்கும் ஆசானாகும். அவரை சில மாதங்களில் காய்க்கிறது; விதையிட்ட பலா பல ஆண்டுகள் காக்க வைக்கிறது. பலாவை நோக்கி, “அவரையைப் போல் நீ ஏன் காய்க்கவில்லை?” என்று எவரும் கடிவதில்லை. பிள்ளைகளை மட்டும் அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டிக் கடிகிறோம். மிளகுக் கொடிக்குத் தாங்குமரம் இன்றியமையாதது. அம்மரத்தின் நிழல் மிகுந்தாலோ காய்ப்புக் குறைகிறது. ஆகவே கிளைகளைக் கழித்து வெயில் விடுகிறோம். பெற்றோரின் காவலும் அவ்வாறே அளவோடு இருத்தல் வேண்டும். நெசவாள நண்பர்களுக்கு இது புதிதன்று. அறுந்த இழையைப் பொறுமையோடு பிணைப்பார்களேயன்றி, அதற்காகப் பாவையே அறுத்தெறிவார் எவருமில்லை.

படிக்க வேண்டிய பிள்ளையை மண்ணில் இறக்குவதா என்று சிலர் கேட்கலாம். பள்ளி நேரத்தைக் குறைக்கவோ, பிள்ளையின் உழைப்பைக் கூலியாளின் உழைப்புக்கு ஈடாக்கவோ நாம் சொல்லவில்லை. ஜெர்மனி நாட்டில் பிரெடரிக் ஃபுரோபெல் என்னும் கல்வியாளர் 1840ஆம் ஆண்டில் தம் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி உண்டு. அனைவருக்கும் உரிய பொதுப் பாத்தியும் உண்டு. தன் பொறுப்பையும் பிறரோடு கூடி உழைப்பதையும் குழந்தை ஒருங்கே கற்பதற்கு இதனினும் எளிய வழி யாது? கூட்டுறவின் முதற் பாடமும் இதுவேயன்றோ?

ஆதலின், அங்கத்தினர்களுக்கு நாம் கூற விரும்புவன சில. வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைக்கென ஒரு பாத்தி ஒதுக்குங்கள். நிலமில்லாத தறிக்காரர் வாயிற்பந்தலில் ஒரு பீர்க்கங்கொடியேனும் ஏற்றலாம். எதை நடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பயிர் பட்டுப்போனால் கடியாது, காரணத்தைக் கூடி ஆராயுங்கள். அறுவடை நாளில் விதைக்கான கதிரையும் காயையும் அதன் கையாலேயே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். முதல் விளைவைச் சந்தைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சமைத்து, விளைவித்த பிள்ளையே அனைவருக்கும் பரிமாறட்டும். சங்கங்களும் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தன்று பிள்ளைகள் காத்த விதைகளைப் பரிமாறிக்கொள்ள ஓரிடம் ஒதுக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

தான் விளைவித்ததைப் பிறருக்குப் பகிர்ந்தளித்த பிள்ளை, நாளை நம் சங்கத்தின் நல்ல அங்கத்தினராகவும் விளங்கும் என்பதே நம் நம்பிக்கை.