கால்களைக் கழற்றச் சொன்ன பலகை

சித்தூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஊர்ப்பெயரே எனக்கு நகைப்பூட்டிற்று. சிற்றூர் என்பதே சித்தூராயிற்று என்பர். 1911 முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியும், பெயரளவில் அது இன்னும் சிற்றூர்தான்.

அங்கிருந்து இரயிலில் திருப்பதியைக் கடந்தால் ரேணிகுண்டா. "ரேணி குண்டா என்றால், ஒல்லி யார்?" என்று கேட்டாள் என் மகள். தெலுங்கில் 'குண்ட' என்பது சிறு நீர்நிலை. பழந்தமிழிலும் 'குண்டு' என்றால் ஆழம். நாம் அயற்சொல் என்று சிரித்தது, நாமே மறந்துவிட்ட சொல்லின் உறவுதான்.

திருப்பதியில், பூசைப் பொருள் விற்கும் கடையொன்றின் வாயிலில் தமிழில் ஒரு பலகை: 'கால்களைக் கழற்றி வெளியே விடவும்.' காலணி காலாகிவிட்டது! வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆயினும், செருப்போடு உள்ளே சென்றவர் ஒருவருமில்லை. மலைக்கு வரும் தமிழருக்கு அவர்தம் எழுத்திலேயே சொல்லவேண்டும் என்று எவரோ முயன்றிருக்கிறார். சொல்லவந்தது சென்று சேர்ந்துவிட்டது.

மறுவாரம், எல்லையோரக் கிராமத்து முதியவர் ஒருவர் வைப்புநிதிப் படிவத்தை என்னிடம் நீட்டினார். "எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க, சார்" என்றார். படிவத்தில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றும் பிழையின்றி இருந்தன. அவர் படிக்க அறிந்ததோ தமிழ் மட்டுமே. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது மாநில எல்லை வரையறுக்கப்பட்டது; மொழி அந்தக் கோட்டோடு நின்றுவிடவில்லை.

படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நாமினி பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. "இது எதுக்குன்னு தெரியாம விட்டுட்டேன்" என்றவர், மனைவியின் பெயரை எழுதச் சொன்னார். சொல்லாதிருந்தால், பின்னாளில் அந்த அம்மையார் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய நேர்ந்திருக்கும்.

பிழையோடு எழுதிய பலகை தன் வேலையைச் செய்தது; பிழையின்றி அச்சிட்ட எங்கள் படிவம் செய்யவில்லை. எல்லையோரக் கிளைகளில் தமிழிலும் ஒரு விளக்கத்தாள் வைப்பது பெருஞ்செலவன்று என்பது என் கருத்து. அதுவரை, வாடிக்கையாளர்களாகிய தாங்கள் புரியாத தாளில் கையெழுத்திட வேண்டா, தயங்காமல் கேளுங்கள். விளக்குவது எங்கள் கடமை.

அந்த விளக்கத்தாளில் ஓரிரு பிழைகள் நேர்ந்தால், தாராளமாகச் சிரியுங்கள். சிரிக்கிறவர் படித்துவிட்டார் என்றுதானே பொருள்!