மூணு கிலோ நாய் கடிச்சாலும் அது நாய்க்கடி தான்

யார்க்‌ஷயர் டெரியர் போன்ற நீளமான முடி கொண்ட சின்ன நாய்களை வளர்ப்பவர்களுக்கான பதிவு இது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"நாய்க்கு முடி சீவுறதுக்கும் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்குற டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது சொந்தங்களே.

அரசு மருத்துவமனைக்கு நாய்க்கடி ஊசி போட வருபவர்கள் அனைவரும் தெருநாய் கடித்து வருபவர்கள் அல்ல. வீட்டில் மடியில் வைத்துக் கொஞ்சும் நாய் கடித்து வருபவர்களும் உண்டு.

எப்படிக் கடிச்சது என்று கேட்டால்
"நகம் வெட்டும்போது சார்"
"சிக்கு எடுக்கும்போது லேசா பல்லு பட்டுச்சு"
"காது துடைக்கப் போனேன், கவ்விருச்சு"
இப்படித்தான் பதில்கள் வரும்.

இதில் என் கருத்து ஒன்று தான். சின்ன நாயைத் தினமும் சீவிப் பராமரிப்பது அழகுக்கான வேலை அல்ல. அது நாயின் வலியைத் தடுக்கும் வேலை. வலி இல்லாத நாய் உங்களைக் கடிக்கும் வாய்ப்பும் குறைவு.

எப்படி என்று பார்ப்போம்.

யார்க்‌ஷயர் டெரியர் சுமார் மூன்று கிலோ எடை தான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எலி பிடிக்க வளர்க்கப்பட்ட இனம். உருவம் தான் பொம்மை மாதிரி. பல்லும் பிடிவாதமும் வேட்டை நாயுடையது.

இதன் முடி பட்டு போல மெல்லியது. நம் தலைமுடி போல வளர்ந்து கொண்டே இருக்கும். அதனால் எளிதில் சிக்கு விழும். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் தான் முதலில் விழும்.

உங்கள் தலைமுடியில் ஒரு கொத்தை யாரோ நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக் கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? சிக்கு விழுந்த நாய்க்கும் அப்படித்தான். அந்தச் சிக்குக்கு அடியில் ஈரம் தங்கும், புண் வரும், உண்ணி ஒளிந்து கொள்ளும். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் சீப்போடு போய் உட்கார்ந்தால் அது சும்மா இருக்குமா?

நாய் எடுத்தவுடன் கடிப்பது அரிது. முதலில் முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும். உடம்பை விறைக்கும். பிறகு உறுமும். அதற்கும் நாம் விடவில்லை என்றால் தான் கடிக்கும்.

உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை மணி. அடித்து அதை நிறுத்தி விட்டால் அடுத்த முறை மணி அடிக்காது, நேரே கடி தான்.

சரி டாக்டர், வீட்டில் எப்படிச் செய்வது?

1. தினமும் ஐந்து நிமிடம் போதும். குட்டியிலிருந்தே பாதம், காது, வாய் எல்லாம் தொட்டுப் பழக்குங்கள். முடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து தொடங்கி வேர் பக்கம் செல்லுங்கள். சிக்கின் அடிப்பகுதியை விரலால் பிடித்துக் கொண்டு சீவினால் தோல் இழுபடாது.

2. சிக்கு எடுத்த பிறகே குளியல். நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும். இறுகிய சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள். தோலும் மேலே எழும்பி வந்திருக்கும், முடியோடு தோலும் வெட்டுப்படும். அதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டு விடுங்கள்.

3. நம் ஷாம்பு வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. நாய்களுக்கான ஷாம்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்து, முழுவதும் உலர்த்தி விடுங்கள்.

4. நகத்தின் நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் உண்டு. கறுப்பு நகத்தில் அது வெளியே தெரியாது. ஒரு முறை வலித்து விட்டால் அடுத்த முறை காலையே தராது. ஒரு நாளில் இரண்டு நகம் வெட்டினால் கூடப் போதும். அவசரமே இல்லை.

5. நாம் பல் துலக்கும் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் இருக்கும் சைலிடால் எனும் இனிப்பு நாய்க்கு விஷம்.

6. "வெயில் காலம், மொட்டை அடிச்சு விட்ரலாமா?" முடியைக் குட்டையாகக் கத்தரிக்கலாம். தோல் தெரிய மழிக்க வேண்டாம். வெயில் நேராகத் தோலைச் சுடும்.

7. உண்ணி தென்பட்டால் விரலால் நசுக்காதீர்கள். நாய் உண்ணி மூலம் மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவ முடியும். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய், நெருப்பு எல்லாம் வேண்டாம்.

8. மிக முக்கியமானது. "பாப்பா, நீ கொஞ்சம் புடிச்சுக்கோ" என்று குழந்தையை நாயைப் பிடிக்க வைக்காதீர்கள். குழந்தையின் முகம் தான் நாயின் வாய்க்கு மிக அருகில் இருக்கும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் பல் பட்டு விட்டதா? இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

உடனே சோப்பு போட்டு, ஓடும் குழாய் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.

அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 என நான்கு நாட்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். டிடி ஊசி தேவையா என்பதையும் மருத்துவரே பார்த்துச் சொல்வார்.

"ஊசி போட்ட நாய் தானே சார்?"
நல்ல விஷயம். தொடர்ந்து போடுங்கள். மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் பூஸ்டரையும் வருடா வருடம் போடும் ஊசியையும் தவற விடாதீர்கள். ஆனால் நாய்க்கு ஊசி போட்ட அட்டை உங்கள் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. அட்டையோடு வாருங்கள், மருத்துவர் முடிவு செய்யட்டும்.

"நாயைப் பத்து நாள் பார்த்துட்டு அப்புறம் போட்டுக்கலாமா?"
கூடாது. நாயைக் கவனிப்பதும் ஊசி போடுவதும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். காத்திருப்பதற்கான பத்து நாள் அல்ல அது. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றும் சிகிச்சை இன்று வரை எங்கள் கையில் இல்லை. தடுப்பூசி ஒன்று தான் இருக்கிறது.

தெருநாய் கடித்தால் ஓடி வருகிறோம். செல்ல நாய் கடித்தால் பாசத்தில் மறைக்கிறோம். "சொன்னா நாயைத் திட்டுவாங்க" என்று குழந்தைகளும் மறைக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழந்தையிடம் இன்றே சொல்லி வையுங்கள். "பல்லு பட்டா உடனே சொல்லு. உன்னையும் திட்ட மாட்டோம், நாயையும் அடிக்க மாட்டோம்."

சீப்பை எடுக்கும் முன் சோப்பும் குழாயும் எங்கே என்று பார்த்துக் கொள்ளுங்கள். தினமும் ஐந்து நிமிடம் அதற்கு வலிக்காமல் சீவுங்கள்.